வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாதது மனப்பிரமை அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாழைப்பழத்தைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். பொட்டாசியம், நார்ச்சத்து எல்லாம் சரி. ஆனால் கடைசியில், ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்களுக்கு இருப்பது மனப்பிரமைதான் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கல்யாணத்துக்கு முதல் கம்பஹாப் பக்கம் ஒரு இறப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். வீட்டுக் கஷ்டத்துக்காகக் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் அப்படிப் போனோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கையுறை ஒட்டாமல் இருக்கச் சோளமாத் தூள் போடுவார்கள், அது கண் இமையிலும் சோற்றுப் பார்சலிலும் வெள்ளையாகப் படியும். இறப்பர் பாலின் புரதம் அந்தத் தூளில் ஏறிக் காற்றில் பறக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இதையும் ஒரு காரணமாகக் காட்டித்தான் அமெரிக்கா 2017இல் தூள் போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்தது. எனக்கு முதலில் கையில் தடிப்பு, அப்புறம் தும்மல், இழுப்பு. மேலாளரிடம் சொன்னால் சவர்க்காரத்தை மாற்று என்றார்.

ஊருக்கு வந்து கொஞ்சக் காலத்தில் கதலிப்பழம் ஒரு கடி கடித்தாலே நாக்குக்கு அடியிலும் காதுக்குள்ளும் அரிக்கத் தொடங்கியது, உதடு ஒரு பக்கம் மட்டும் தடித்துப் போகும். இதரை, ஆனைவாழை எதுவானாலும் அப்படித்தான், பிறகு பப்பாசியும் சேரவில்லை. இது என் மனதில் இருந்து வந்ததா ஐயா? பூஞ்சணம் அண்டாமல் தன்னைக் காத்துக்கொள்ள வாழை உண்டாக்கும் கைற்றினேஸ் என்ற புரதம் பழத்திலும் இருக்கிறது. அதில் ஒரு பகுதி இறப்பர் பாலில் உள்ள ஹெவீன் என்ற புரதத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், இறப்பருக்கு எதிராக ஒரு தடவை கிளம்பிய உடம்பு பழத்தையும் அதே எதிரி என்று நினைக்கிறது. இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதமானவர்களுக்கு வாழை, பட்டர்புரூட், கிவி என்று ஏதாவது ஒரு பழம் ஒத்துவராது. இறப்பரே படாதவர்களுக்கும் வேறு புரதங்களால் வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் இல்லாத விசேஷம் எது? கோயிலில் பஞ்சாமிர்தத்தை வேண்டாம் என்றால் சாமியையே வேண்டாம் என்ற மாதிரிப் பார்க்கிறார்கள், சம்பந்தி வீட்டில் தட்டைத் தள்ளினால் நமக்குப் பெருமை வந்துவிட்டதாம். பல் பிடுங்கப் போன இடத்தில் இறப்பர் கையுறை எனக்கு ஆகாது என்று தாதியிடம் சொன்னேன், பயப்படாமல் வாயைத் திற அக்கா என்று சிரித்தார். முகம் வீங்கி மூச்சு இழுத்த பிறகுதான் ஓடித்திரிந்தார்கள். தொழிற்சாலைப் பிள்ளைகளின் கை தடிப்பதைப் பற்றி முன்பு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், அது வரவில்லை. ராசிபலனுக்கு வாராவாரம் முழுப் பக்கம் கிடைக்கிறது. இத்தனை வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்கும் எனக்கு அது மிகுந்த மனவருத்தம்.

என்னை விடுங்கள், வாய் அரிக்குது என்று அழும் பிள்ளையைக் கள்ளம் பண்ணுகிறது என்று அதட்டி, ஒரு தாய் உங்கள் வரியை நம்பி மிச்சப் பழத்தையும் ஊட்டினால் என்ன செய்வீர்கள்? சிலருக்கு அது அரிப்போடு நிற்பதில்லை. தொண்டை அடைத்து, அட்ரினலின் ஊசி போட்டால்தான் உயிர் தப்பும் என்ற நிலைமைக்குப் போகலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள்: வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறவர்கள் வைத்தியரிடம் காட்ட வேண்டும், ஆஸ்பத்திரியில் கையுறை போடுவதற்கு முதல் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு வரிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி.