செவிலியர் தூக்கமும் பணிப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் மருமகளும் இப்போது நம் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். சென்ற மாதம் அங்கே செவிலியர்களுக்கு மனவுறுதிப் பயிற்சி வகுப்பு நடந்தது. இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வீடு திரும்ப வேண்டியவர்களும் பத்தரை மணி வரை இருந்து கேட்க வேண்டியதாயிற்று. மன அழுத்தம் குறைய மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக்கொடுத்தார்களாம். பாதிப் பேர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்களாம்.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் தனி நோயாகக் கருதவில்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள அதன் நோய் வகைப்பாடு, சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே அதைக் குறிப்பிடுகிறது. அப்படியானால் சரிசெய்யப்பட வேண்டியது செவிலியரின் மனமா, அவருடைய பணிப் பட்டியலா?

இருட்டோடு எழுவது குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே தோட்டத்தில் இருப்பார்கள். ஆனால் அவர்களுடைய நேரம் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. செவிலியருக்கோ இந்த வாரம் காலை, அடுத்த வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருப்பதோடு, ஆள் குறைந்தால் மாலைப் பணி முடித்து இரவு ஒன்பதுக்குக் கிளம்பியவர் மறுநாள் காலை ஏழுக்கே வார்டில் நிற்க வேண்டும். பின்னிரவு மூன்று மணிக்கு மேல் உடல் வெப்பமும் விழிப்பும் மிகவும் தாழ்ந்திருக்கும். அப்படி ஒரு வேளையில், மருந்தின் அளவை மூன்று முறை வாசித்தும் மனதில் பதியாமல், அடுத்த வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுச் சரிபார்த்த பிறகே ஊசி போட்டேன். அன்று கூப்பிட ஓர் ஆள் இருந்தார்.

பகலில் தூங்கி ஈடுகட்டலாம் என்பார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. காலை பத்து மணிக்குக் கண்மூடுகிறவருக்கு, கோயில் கொடையானாலும் ஆலயத் திருவிழாவானாலும், அந்தப் பாதுகாப்பு இல்லை. இதற்குச் சட்டம் கேட்க முடியாதுதான்.

ஆனால் பட்டியலைத் திருத்த முடியும். பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், விடுப்பை ஈடுசெய்யக் கூடுதலாக 30 விழுக்காடு என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்தக் கூடுதல் ஆட்கள் இல்லாதபோது ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவருக்கு இரட்டைப் பணி. இரு பணிகளுக்கிடையே குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இலேயே பரிந்துரைத்திருக்கிறது. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிச் சுழலும் பட்டியலை உடல் எளிதாக ஏற்கிறது. அதற்குச் செலவும் இல்லை.

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தினர் தனியார் மருத்துவமனைகளுக்கு ஆய்வுக்குச் செல்லும்போது, படுக்கைகளை எண்ணுவதோடு நில்லாமல், கடந்த மூன்று மாதப் பணிப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் சேர்த்து வாங்கிப் பார்க்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தக்கலை.