அரசுக் கச்சேரிகளால் வளர்ந்த திருவனந்தபுரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் தென்னிந்தியத் தலைநகரங்கள் வரிசையில் வெளியான திருவனந்தபுரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் பாதிக்கு மேற்பட்ட இடத்தைப் பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகளே எடுத்துக்கொண்டுவிட்டன. 2011-இல் அந்த அறைகள் திறக்கப்பட்டதிலிருந்து அவ்வூரைப் பற்றி எழுதுவோர்க்கு வேறெதுவும் கண்ணில் படுவதில்லை என்பதால், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே வாழும் தமிழர்களை, அண்டை மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர்கள் என்று ஒரே வரியில் கட்டுரையாளர் முடித்துவிட்டதை, தக்கலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த என்னால் அப்படியே கடந்துபோக முடியவில்லை.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம் முதலில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பத்மநாபபுரமாகத்தான் இருந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்த மார்த்தாண்ட வர்மா, 1750-இல் தம் நாடு முழுவதையும் பத்மநாபருக்குத் திருப்படித்தானமாக எழுதிக்கொடுத்துவிட்டு, இனித் தாம் பத்மநாபதாசர் என்ற நிலையிலேயே ஆள்வதாக அறிவித்தார். அவருக்குப் பின் வந்த தர்மராஜாவின் காலத்தில், 1795-இல், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. கோயில் அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக அங்கே இருந்தது. 'தடமுடை வயல் அனந்தபுர நகர்' என்று நம்மாழ்வார் பாடிய ஊர் அது. ஆனால் வயல் சூழ்ந்த அந்தத் திருப்பதி ஒரு பட்டணமானது, அரண்மனையும் அதன் பின்னால் திவானும் கணக்கர்களும் வழக்காடிகளும் வியாபாரிகளும் வந்து சேர்ந்த பிறகுதான். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது சாலைக் கடைத்தெருவை அமைத்ததும் இந்தத் தேவையை ஒட்டியே.

பிற துறைமுகப் பட்டணங்களைப் போல வணிகத்தாலோ, ஆலை நகரங்களைப் போலத் தொழிலாலோ திருவனந்தபுரம் வளரவில்லை. அது கச்சேரியால், அதாவது அரசு அலுவலகத்தால் வளர்ந்த ஊர். இன்றைய தலைமைச் செயலகம், வில்லியம் பார்ட்டன் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் கட்டப்பட்டு 1869-இல் திறக்கப்பட்ட ஹஜூர் கச்சேரிதான். அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே கட்டுரையாளரின் அந்த ஒரு வரி எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும். வளாகத்தின் முகப்பில் நிற்கும் சிலை வேலுத்தம்பி தளவாயினுடையது. அவர் பிறந்த தலக்குளம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. சாலையின் எதிர்ப்புறம் நிற்பவர், அந்தக் கட்டடம் எழுந்தபோது திவானாக இருந்த டி. மாதவ ராவ், அவர் கும்பகோணத்தில் பிறந்த மராத்தியர். அந்தச் சந்திப்புக்கு 'ஸ்டாச்சூ' என்று பெயர் வந்ததே அவர் சிலையால்தான். இரண்டு சிலைகளுக்கும் நடுவில் ஏதாவது ஒரு சங்கத்தின் போராட்டப் பந்தல் இல்லாத நாளைக் காண்பது அரிது. கோரிக்கை மனுவும் ஊர்வலமும் அந்த நகரத்தின் அன்றாடம்.

அந்த வழக்கத்துக்கும் நீண்ட வேர் உண்டு. 1888-லேயே சட்டமன்றம் ஒன்றைக் கண்ட சமஸ்தானம் அது. நகருக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, தலித்துகள் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பொதுவழியில் 1893-இல் வில்லுவண்டி ஓட்டிப் போனவர். பின்னாளில் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராகித் தம் மக்களுக்கு நிலமும் பள்ளிக்கூட அனுமதியும் கேட்டு வாதாடினார். விக்டோரியா மகாராணியின் பெயரில் இருந்த நகரின் பழைய மண்டபம் 2019-இல் அய்யன்காளியின் பெயரைப் பெற்றது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை மன்னரின் பெருந்தன்மையாக மட்டும் உங்கள் கட்டுரை காட்டுகிறது. அதற்கு முன்னால் நடந்த இத்தனையையும் விட்டுவிட்டு அதைச் சொல்வது நியாயமாகாது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்து அரசின் கீழ்தான் இருந்தன. நாஞ்சில் நாட்டு நெல் அந்நாட்டின் சோற்றுக்கு உதவியது. பேச்சிப்பாறை அணையைக் கட்டியதும் அந்த அரசே. ஆகவே கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் குடியிருந்த தமிழர்களில் பலர், எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். எல்லைதான் பிறகு வந்தது. தமிழ்நாட்டரசின் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அவரைக் குடியேறியவர் என்று சொல்ல முடியுமா?

இதனால் பழைய உறவு முழுவதும் இனிமையாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்துடன் சேர்க்கக் கோரி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. உத்தரவுகள் வந்ததும் அந்தக் கச்சேரியிலிருந்துதான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை மறக்கவில்லை. ஆனாலும் கடினமான நோய் என்றால் இன்றும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி, 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ அதன் அருகிலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோதான் ஓடுகின்றன. மனக்கசப்பும் நம்பிக்கையும் ஒரே ஊரின் மேல் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல.

எல்லை மாறியதில் அந்த நகரத்துக்கும் ஓர் இழப்பு இருந்தது. தெற்கே நிலம் போய், வடக்கே மலபார் சேர்ந்ததில், தலைநகரம் மாநிலத்தின் தென்கோடியில் ஒதுங்கிவிட்டது. தமிழ்நாட்டு எல்லை அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். காசர்கோட்டுக்காரர் ஒரு கோப்பைத் தேடி வருவதென்றால் ஓர் இரவு ரயிலில் கழிய வேண்டும். 1949-இல் கொச்சியுடன் இணைந்தபோதே உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்துக்குப் போயிருந்தது. வணிகமும் பெரும்பாலும் அங்கேயே சேர்ந்தது. 1963-இல் தும்பாவிலிருந்து ஏறிய முதல் ராக்கெட்டும், 1990-இல் வந்த டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், 2025-இல் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகமும் அரசு முடிவுகளால் வந்தவையே என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமேல் ஏறி, வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வர, மன்னரின் உடைவாள் முன்செல்லத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்கிறார்கள். உங்கள் கட்டுரையில் இந்த ஊர்வலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிறைவாக ஒரு திருத்தம். பத்மநாபபுரம் அரண்மனைப் படத்தின் கீழ் 'கேரளத்தில் உள்ள' என்று அச்சாகியிருக்கிறது. அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அது நிற்கும் நிலம் கன்னியாகுமரி மாவட்டம். அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்