இல்லாத கோபுரம்

ஃப்ரீமாண்ட்
ஞாயிறு இரவு

அன்புள்ள சீனு,

உன் முட்டி ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேசியது. அதற்கப்புறம் ஐந்து மாதம் சத்தமே இல்லை. தப்பு என்மேல்தான். திட்டுவதானால் இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்தி நடக்கிறாள், எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் வேறு. நேற்று ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்தில் வருமே, அந்தக் கோபுரத்தைப் பார்க்கப் போனேன்டா!

மாப்பிள்ளையை மூன்று வாரம் நச்சரித்து, தெற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டவைத்து, சான் வான் பவுட்டிஸ்டா என்கிற சின்ன ஊரில் போய் இறங்கினோம். 1797-இல் ஸ்பானியப் பாதிரிமார் நிறுவிய தேவாலயம். வளைவு வளைவாக நீளத் தாழ்வாரம், எதிரே புல்வெளி, அதைத் தாண்டினால் குதிரை லாயம். எல்லாம் படத்தில் பார்த்தபடியே இருக்கிறது. உள்ளே தரை ஓடுகளில் மிருகங்களின் காலடித் தடம். ஈரம் காய்வதற்குள் ஓடிப்போயிருக்கின்றன. சரி, இனி கோபுரம் என்று அண்ணாந்தால், காணோம்!

இடிந்துவிட்டதா என்று விசாரித்தேன். 1957-இல் படமெடுக்க வந்தபோதே கிடையாதாம். அதற்கு முன்பு இருந்த மரக் கோபுரம் உளுத்துப்போனதால் எடுத்துவிட்டார்கள். ஹிட்ச்காக் ஓவியத்தையும் மாதிரியையும் வைத்து ஒரு கோபுரத்தை ஒட்டிவிட்டார். எத்தனை ராத்திரி அந்தக் கோபுரத்தை நினைத்து நீ தூங்காமல் இருந்திருப்பாய்!

இன்னும் கேள். உயரத்தைக் கண்டாலே நடுங்கும் கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கோபுரத்திலிருந்து கீழே பார்க்கும்போது படிக்கட்டு நீண்டுகொண்டே போகுமே, அது தரையில் படுக்க வைத்த பொம்மைப் படிக்கட்டு. கேமராவைப் பின்னால் இழுத்துக்கொண்டே லென்ஸில் முன்னால் ஜூம் செய்திருக்கிறார்கள். அந்தச் சில நொடிகளுக்கு 19,000 டாலர் செலவாம். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் பாதிப் படியில் உட்கார்ந்து “நான் இங்கேயே குடியிருந்துடறேன்” என்று அழுதாயே, இதை நம்பித்தானே?

போன மாதம் கோல்டன் கேட் பாலத்தடியில் ஃபோர்ட் பாயிண்டுக்கும் போனேன். படத்தில் கதாநாயகி கிம் நோவாக் கடலில் குதிக்கும் இடம். கரையில் இப்போது சங்கிலி போட்டிருக்கிறார்கள். அவர் விழுந்த தண்ணீரோ ஸ்டூடியோ தொட்டியில் இருந்ததாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் டொலோரஸ் தேவாலய இடுகாட்டில், கதையில் வரும் கார்லோட்டா என்ற பெண்ணின் கல்லறைக் கல்லும் படத்துக்காக நட்டதுதான். இந்த ஆள் எதைத்தான் நிஜமாக எடுத்தார்?

நம்ம ஊர் தேவலைடா. இதே கதையின் சாயலில் 1965-இல் எம்.ஜி.ஆரை வைத்து ‘கலங்கரை விளக்கம்’ எடுத்தார்கள். மாமல்லபுரம் விளக்கு அசல் கருங்கல், இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் காற்று வாங்கப் போனவர் கவிதை வாங்கி வந்த படத்தைப் பார்த்து எவனாவது பயந்திருப்பானா?

மூர்த்தியை நினைத்துக்கொண்டேன். படத்தை நாம் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்பே மெஸ் மாடியில் கதை முழுக்கச் சொன்னானே. அவன் கணக்கில் கோபுரத்துக்கு முந்நூறு படி. ஒவ்வொரு படிக்கும் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்துவான். பிற்பாடு படத்தில் பார்த்தபோது, “இவ்வளவுதானா?” என்று நீ உரக்கவே கேட்டுவிட்டாய், தியேட்டரே திரும்பிப் பார்த்தது. நேற்று அந்தப் புல்வெளியில் நின்றுகொண்டு நான் தேடியது அவனுடைய முந்நூறு படியைத்தான் போலிருக்கிறது. ரொம்ப நேரம் அண்ணாந்தபடியே நின்றுவிட்டேன். மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நல்ல பையன்.

ஜனவரி இரண்டாம் வாரம் வருகிறேன். முட்டி என்ன சொல்கிறது? டாக்டர் படியேற விடுவாரா என்று கேட்டுவை. பொய் சொல்லாதே, சரஸ்வதியிடம் விசாரித்துவிடுவேன். மாமல்லபுரம் போகலாம். நீ பாதியில் உட்கார்ந்தால் இந்தத் தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மேலே நின்று “ஏறுங்கடா சோம்பேறிகளா” என்று கத்தத்தான் ஆள் இல்லை.

உன்,
ரங்கன்