கடைத்தெரு வரைபடத்தில் கை வைத்த எல்லாருக்கும்

தங்கச்சிமடம் மக்களுக்கு அன்பு வணக்கம்.

நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் பயமில்லாமல் போகக் கடைத்தெருவில் என்னென்ன மாற்றவேண்டும் என்று நாமே வரைந்தோமே, அந்த வரைபடத்தைக் கிராமசபையில் வைத்து, தீர்மானமும் எழுதியாயிற்று. ஊராட்சி செய்யக்கூடிய சின்ன வேலைகள் தொடங்கிவிட்டன. சாலை தேசிய நெடுஞ்சாலை என்பதால் பெரிய வேலைக்கெல்லாம் மேலே மனு போயிருக்கிறது. அதற்கு இன்னும் எத்தனையோ நடை நடக்கவேண்டும். எல்லாம் முடியட்டும், அப்புறம் நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு, மதுரையிலிருந்து ராமேசுவரம் தீவுக்குள் வந்து தனுஷ்கோடி போகும் சாலை நம் கடைத்தெருவின் நடுவிலேயே ஓடுகிறது. ராமேசுவரத்துக்கு வரும் பஸ், வேன், கார் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. 2022 டிசம்பரில் பழைய தூக்குப்பாலத்தில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, தீவுக்கு வந்த மொத்தக் கூட்டமும் நம் வாசல் வழியாகத்தான் வந்தது. பள்ளிக்கூடச் சைக்கிள், மீன் கூடை, மல்லிகை நாற்றுக்கட்டு, குடம் அடுக்கிய தள்ளுவண்டி எல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்துதான் போகவேண்டும்.

முதல் நன்றி பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. அரசு கொடுத்த சைக்கிளைப் பல வீடுகளில் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளையை ஆட்டோவில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஏன் பயம் என்று கேட்டால், பெரியவர்கள் எல்லாரும் வேன் வேகத்தைச் சொன்னோம். பிள்ளைகள் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்த் தார் விளிம்பைக் காட்டினார்கள். ஒரு பெண் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து மண்ணில் நட்டாள். தாரின் மட்டம் பத்து சென்டிமீட்டர் கோட்டுக்கு மேலே நின்றது. பின்னால் ஹாரன் அடித்தால் சைக்கிள் மண்ணில் இறங்கியாகவேண்டும். திரும்ப ஏறும்போது முன்சக்கரம் அந்த விளிம்பில் உரசி வழுக்கும், ஆள் சாலைப் பக்கமே விழுவார். கச்சான் காற்று ஓங்குகிற ஆனி, ஆடியில் மணல் வந்து மூடிவிட்டால் விளிம்பு இருப்பதே தெரியாது. எங்கெங்கே விளிம்பு உயரம் என்று வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்தது முழுக்க அந்தப் பிள்ளைகள்தான். தனி சைக்கிள் பாதை கேட்டு நாங்கள் எழுதிய மனுவில், அதற்கும் முன்னால் 'தார் விளிம்புக்குச் சமமாக மண் அணைத்துத் தாருங்கள்' என்ற வரி ஏறியது அப்படித்தான். மனுவிலேயே உருப்படியான வரி அதுதான் என்பேன்.

அடுத்து மீன்கார அக்காமார். முக்கில் நெரிசல் குறையட்டும் என்று பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வரைந்திருந்தார்கள் நம் இளவட்டங்கள். "அங்கேவரைக்கும் கூடையை நீ வந்து தூக்குறியா தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டதும் அந்தக் கோடு அழிந்தது. பஸ்ஸுக்குக் காசு இப்போது அவர்களுக்குக் கவலையில்லை. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஐஸும் மீனுமாகக் கனக்கிற கூடையை இறக்கவும் ஏற்றவும் இன்னொருவர் கை வேண்டும். அவர்கள் கேட்டது ஒரு சுமைதாங்கி. நம் பாட்டிமார் காலத்தில் வழியெல்லாம் இருந்த அதே சுமைதாங்கிதான். கொத்தனார் அண்ணன் கூலி வாங்காமல் கட்டிக்கொடுத்தார். இருப்பதிலேயே குட்டையான அக்காவைக் கூடையோடு நிற்கவைத்து, கழுத்தை வளைக்காமல் கூடையை நகர்த்துகிற உயரத்துக்கு நூல் பிடித்து அளந்தார். நிழற்குடை வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. இப்போது நாற்று விற்கிறவர்களும் நாற்றுக்கட்டுகளை அதன்மேல்தான் வைக்கிறார்கள்.

விசைப்படகில் போகும் அண்ணன் தம்பிகளுக்குத் தனி நன்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் வருமானம் இல்லாத அந்த நாட்களில், டீக்கடைத் திண்ணையில் முறை போட்டு உட்கார்ந்து, தெருவில் என்னென்ன போகிறது என்று எண்ணினார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று நோட்டு நோட்டாக. பள்ளி திறந்த பிறகு அவர்கள் வீட்டுப் பெண்கள் எண்ணினார்கள், ஆடி அமாவாசைக் கூட்டத்தையும் விடவில்லை. வண்டிகளை மட்டும் எண்ணாமல் நடப்பவர்களையும் சைக்கிளையும் எண்ணவேண்டும் என்று சொன்னது அவர்கள்தான். காலை மணி அடிக்கிற நேரத்தில் நம் தெருவில் அதிகம் போவது யார் என்று கேட்டவர்களிடம் அந்த நோட்டைத்தான் நீட்டினோம்.

கடைக்காரர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வியாபாரம் படுத்துவிடுமோ என்று நினைத்தார்கள். முதலில் பெஞ்சை உள்ளே இழுத்துப்போட்டது டீக்கடை அண்ணாச்சி. மீன் லாரிக்காரர்கள், "ஐஸ் இறக்க நேரம் வேண்டுமே, அதை யோசித்தீர்களா?" என்று கூட்டத்தில் சத்தம் போட்டார்கள். யோசிக்கவில்லைதான். பள்ளி நேரத்துக்கு முன்பே இறக்கிவிடுவது என்று அவர்களே ஒரு வழியும் சொன்னார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். "உப்புக்காத்துக்கு இரும்பு நிக்காது, சிமெண்டுக் கட்டையில் சக்கரம் இறங்குற மாதிரி பள்ளம் வெட்டிக்குங்க" என்று பட்டறைக்காரர் திருப்பி அனுப்பினார். தனக்கு வரவேண்டிய வேலையைத் தானே வேண்டாம் என்ற மனிதர் அவர். அவருக்கு ஊரே கடமைப்பட்டிருக்கிறது.

கூட்ட அறிவிப்பை மைக்கில் சொன்ன சர்ச், பள்ளிவாசல், கோயில்காரர்களுக்கும், ஸ்டாண்டைப் பத்தடி தள்ளிக்கொண்ட ஆட்டோக்காரர்களுக்கும், வெயிலில் எங்களோடு தெருவை நடந்து பார்த்த ஊராட்சிச் செயலருக்கும், சாலைப் பொறியாளருக்கும் நன்றி.

வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. விடுபட்டது ஏதாவது கண்ணில் பட்டால் அதிலேயே எழுதிவிட்டுப் போங்கள். நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போகும் தேதி முடிவானதும் மைக்கில் சொல்வார்கள். ஸ்கேல் பிடித்த பிள்ளைகளில் இரண்டு பேராவது கட்டாயம் கூட வரவேண்டும். பள்ளியில் லீவு சொல்வது என் பொறுப்பு.

நன்றியுடன்,
மனு எழுதியவர்களில் ஒருத்தி
தங்கச்சிமடம்