நாவற்பழத் தோல் போன்ற ஒரு வளர்ச்சி

மட்டக்களப்பு.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. வயல் வட்டையில் இறங்கி வேலை செய்த உமது மைத்துனர் காய்ச்சலோடும் இருமலோடும் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதையும், சளிப் பரிசோதனையின் முடிவு வர ஐந்து நாட்கள் சென்றதால் நீர் சினந்ததையும் அறிந்தேன். சினம் நியாயமானதே. ஆயினும் அந்த மாதிரி மேசையில் சும்மா கிடக்கவில்லை என்பதை, ஆய்வுகூடத்தில் அதே வேலையைச் செய்பவன் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உமது மைத்துனரைப் பிடித்த மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நமது வயல் மண்ணிலும் நீரிலும் வாழ்வது. சளியில் அது தனித்து வருவதில்லை. தொண்டையில் வழக்கமாகக் குடியிருக்கும் பற்றீரியாக்களும் கூடவே வரும். அவை கிருமி வளர்க்கும் சாதாரண அகர்த் தட்டில் ஒரே இரவில் பரவிவிட, மெதுவாக வளரும் இந்தக் கிருமி, புல் முந்திய வயலில் நெல் நாற்று மறைவதைப் போல மறைந்துவிடும். நெல்லை விட்டுப் புல்லை மட்டும் கருக்கும் களைநாசினியை நீர் எத்தனை போகம் தெளித்திருப்பீர்! வேண்டிய கிருமியை வளரவிட்டு மற்றவற்றைத் தடுக்கும் தெரிவு வளர்ப்பூடகத்தின் வேலையும் அதுதான்.

இந்தக் கிருமிக்கென ஓர் ஊடகத்தை அவுஸ்திரேலியாவின் ரவுன்ஸ்வில்லில் பணியாற்றிய அஷ்டவுன் என்பவர் 1979இல் வெளியிட்டார். அதிலுள்ள கிறிஸ்ரல் வயலற் சாயம் ஒரு சாராரை அடக்கும். ஜென்ரமைசின் என்ற பற்றீரியாக் கொல்லி மருந்து வேறு பலவற்றை அடக்கும். நம் கிருமி அந்த மருந்துக்கு இயல்பாகவே அசையாதது. நோயாளிக்கு அந்த மருந்து பயன்படாமற் போவதற்குக் காரணமான அதே குணமே, தட்டில் நமக்கு உதவியாக அமைகிறது. கிளிசரோலும் நியூட்றல் றெட் சாயமும் சேர்வதால், முதல் நாளில் ஊசிமுனையளவாகத் தெரியும் கிருமிக் கூட்டங்கள் இரண்டு மூன்று நாட்களில் ஊதா நிறமேறி, காய்ந்த நாவற்பழத் தோல் போலச் சுருங்கி நிற்கும். அதைக் கண்டபின்பும் உறுதிப்படுத்தும் சோதனைகள் உண்டு. ஐந்து நாட்களின் கணக்கு இப்போது விளங்கியிருக்கும்.

தட்டுக்கு உறுதியைக் கொடுக்கும் அகர், உமது வீட்டில் நோன்பு காலத்தில் காய்ச்சும் கடற்பாசியேதான். கொதிநிலைக்கு அருகில் உருகி, 40 பாகைக்குச் சற்றுக் கீழே உறைந்து, 37 பாகையில் நாட்கணக்கில் வைத்தாலும் இளகாத பொருள் அது.

இந்த ஊடகத்தை நான் முழுமையாக நம்புவதில்லை. மலேசியாவின் சரவாக்கில் ஜென்ரமைசினுக்கு மடியும் வகைகளும் கண்டறியப்பட்டுள்ளன. அவை இந்தத் தட்டில் எழும்பமாட்டா. எனவே பக்கத்திலேயே சாயமும் மருந்தும் இல்லாத இரத்த அகர்த் தட்டு ஒன்றையும் வைப்பேன். தடுக்கும் ஊடகம் எதுவாயினும், எதைத் தடுத்தது என்பதை அது நமக்குச் சொல்வதில்லை.

பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் இடத்தில், சீழிலிருந்து மக்கொங்கி அகர் என்ற வேறோர் ஊடகத்தில் வளர்ந்த வெளிர்ந்த கூட்டங்களைச் சூழலிலிருந்து தொற்றிய அழுக்கு என்று எழுதித் தட்டை அழித்துவிட்டேன். நோயாளி சலரோகம் (நீரிழிவு) உள்ள, வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரையைச் சேர்ந்த விவசாயி என்பது எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் இந்த நோயைச் சந்தேகித்திருப்பேன். கோரிக்கைத் தாளில் பெயரும் வயதும் மட்டுமே இருந்தன. இரண்டாவது மாதிரி வந்தபோதுதான், நான் அழித்தது இதே கிருமி என்ற தவறு தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார் என்பது என் கெட்டித்தனம் அன்று. அன்று தொட்டு, தொழிலும் சலரோகமும் குறிக்கப்படாத தாள் வந்தால் நானே நோயாளர் விடுதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறேன். தாதிமாருக்கு அது பிடிப்பதில்லை.

இந்த நோயை விற்மோரும் கிருஷ்ணசுவாமியும் ரங்கூனிலிருந்து விவரித்தது 1912இல். நமது பக்கத்தில் இன்றும் பலர் இதன் பெயரைக் கேட்டதில்லை.

மைத்துனர் ஊசிமருந்து முடிந்து வீடு திரும்பியதும், குறைந்தது மூன்று மாதங்களுக்குக் குளிசை தருவார்கள். காய்ச்சல் விட்டதும் அதை நிறுத்திவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லும். நோய் திரும்பி வரக்கூடியது. சீனியையும் சோதிக்கச் சொல்லும். மாரி விடும்வரை சப்பாத்தில்லாமல் வயலில் இறங்க விடாதீர்.

என்றும் அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்