பாண் விலை பற்றி உங்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "மா விலை குறைஞ்சதாமே, பாண் விலை மட்டும் ஏன் இறங்கேல்லை?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பின்னேரம் வரிசையில் ஆட்கள் நிற்க, மிச்சக் காசைக் கொடுத்துக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறோம்.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு மா மூட்டையும் கடல் கடந்து வந்த தானியம். கொட்டியாரக் குடாவுக்குள் தானியக் கப்பல்கள் நுழைவதை நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. அவை போவது 1980 முதல் சீனக்குடாவில் இயங்கும் மா ஆலைக்கு. ஆலை பக்கத்தில் இருப்பதால் மா நமக்கு மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கோதுமையின் அடிப்படை விலையைப் பெரும்பாலும் சிக்காகோ போன்ற பண்டச் சந்தைகள் காட்டுகின்றன. அதன் மேல் கப்பல் கூலி, டொலரின் பெறுமதி, தீர்வை, வரி எல்லாம் ஏறுகின்றன.

2022 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்வாசிக்கு மேல் கொடுத்துவந்தன. போர் தொடங்கியதும் சிக்காகோவில் ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ, 12 டொலரைத் தாண்டியது. அதே மாதம் நம் ரூபாயும் விழுந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. இரண்டு அடியும் ஒரே மூட்டையில் விழுந்தன. முழு றாத்தல் வாங்கிப் போனவர்கள் பாதி கேட்கத் தொடங்கினார்கள். பெடியளை அனுப்பிவிட்டுத் தாய்மார் ஒழுங்கை முனையில் நின்றதையும் பார்த்தோம். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

சிக்காகோவில் நடப்பது முன்பேரச் சந்தை, அதாவது பிறகு கைமாறப்போகும் தானியத்துக்கு இப்போதே விலை பேசிக்கொள்ளும் இடம். அது முழுக்கக் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. விதைக்கும்போதே விலையை உறுதி செய்துகொள்ள விவசாயிக்கும் ஆலைக்கும் அது உதவுகிறது. ஆனால் ஒரு கோதுமை மணியையும் கையால் தொடாமல், விலை ஏறி இறங்குவதிலேயே இலாபம் தேடுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். உலகத் தானிய வணிகத்தின் பெரும்பங்கு நெடுங்காலமாக ஏடிஎம் (ADM), பங்கே (Bunge), கார்கில், லூயி டிரெய்ஃபஸ் என்ற நான்கு நிறுவனங்களின் கையில். கார்கில் 2022 நிதியாண்டில் மட்டும் 165 பில்லியன் டொலருக்கு வியாபாரம் செய்தது. இவ்வளவு பெரிய சந்தையில் நம்மைப் போன்ற நாட்டின் குரல் மிகச் சிறியது. சந்தை விலையை மழை வெயில் போல ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அது மனிதர்கள் எடுக்கும் முடிவு, ஆகவே மனிதர்கள் கேள்வி கேட்கலாம்.

கோதுமை நம் அடுப்படிக்கு வந்த கதையும் அப்படித்தான். 1942இல் பர்மா ஜப்பானிடம் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறையக் கோதுமை மா அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு, 1954இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அதன் உபரிக் கோதுமை உதவி என்ற பெயரில் பல நாடுகளுக்கும் போனது, இங்கேயும் வந்தது. இன்று அவித்து அரித்த கோதுமை மாவில் புட்டு அவிக்காத வீடு நம் ஊரில் உண்டா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் கைப்பக்குவத்தால் அது நம் சாப்பாடாகிவிட்டது. ஆனால் பிள்ளையின் காலைச் சாப்பாடே முழுக்க டொலரில் தொங்குவது ஆபத்து.

சரி, நாம் என்ன செய்யலாம்? 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி சனம் ஹர்த்தால் செய்தது. அந்த வருடமே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். உணவின் விலை அரசியல் என்பது அன்றைய சனத்துக்குத் தெரிந்திருந்தது. நம் காலத்திலோ, 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலே பணமில்லை என்று தள்ளிப்போனது. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்களிக்க 2025 மே 6 வரை காத்திருந்தோம். சந்தைக் கட்டடம், கடை வாடகை, வடிகால், குப்பை எல்லாம் அந்தத் தேர்தலில் தெரிவாகும் உள்ளூராட்சிச் சபையின் பொறுப்பு. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். வாய்ச் சொல் போதாது என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். மாவுக்கு எவ்வளவு தீர்வை, யார் முடிவு செய்தார்கள் என்பதையும் அப்படியே கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

கேள்வியை எங்களிடமிருந்தே தொடங்குங்கள். வருகிற மாதம் முதல் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கிறோம். ஒரு றாத்தல் பாணுக்கு மா எவ்வளவு, ஈஸ்ட், சீனி, மாஜரின் எவ்வளவு, விறகும் கரண்டும் எவ்வளவு, போறணையில் நிற்கிறவர்களின் கூலி எவ்வளவு, எங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று மாதாமாதம் எழுதுவோம். மா இறங்கியும் பாண் இறங்காததற்குக் காரணம் மற்றக் கணக்குகளில் இருக்கிறது. கூலியை மட்டும் குறைக்கமாட்டோம். நடுச்சாமத்தில் எழும்பி மா குழைக்கிறவருக்கும் வீட்டில் அதே விலைவாசிதான். தராசும் பக்கத்திலேயே இருக்கும். முழுப் பாண் 450 கிராம், நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் ஒரு புதுச் செய்தி. சனிக்கிழமைகளில் குரக்கன் கலந்த பாணும், தம்பலகாமத்து அரிசியை இடித்த மாவில் புட்டும் கிடைக்கும். குரக்கனிலும் அரிசியிலும் கோதுமையின் ஒட்டும் தன்மை இல்லாததால் முழுக்க அவற்றில் பாண் பொங்காது, ஆகவே கலந்துதான் செய்கிறோம். புட்டுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். குரக்கன் பாண் காலை ஆறரைக்குப் போறணையால் இறங்கும்.

அன்புடன்,
உங்கள் பாண் கடைக்காரர்,
திருகோணமலை