கோயிலுக்கு விடும் கன்றைப் பால்குடி மறந்தபின் விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்க் கோயில் கோசாலைக்கு இப்போதும் போய்வருகிறேன். நேர்த்திக்கடன் என்று குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கும் கன்றுகளில் பல, தொப்புள்கொடிகூடக் காயாத காளைக் கன்றுகள். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கறவை மாடு வைத்திருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். உழவுக்கு டிராக்டர், சினைக்கு ஊசி என்று ஆனபின் கலப்பினக் காளைக் கன்றுக்கு வீட்டில் வேலையில்லை. அது குடிக்கிற பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினால் காசு. அடிமாட்டுக்குத் தள்ள மனசு வராமல்தான் சாமிக்கு விடுகிறார்கள். அந்த மனசை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதையும் முதல் 24 மணி நேரத்துக்குள் குடித்தால்தான் குடல் ஏற்கும். பிறகும் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். வைக்கோலைத் தின்று செரிக்கும் அளவுக்கு வயிறு பக்குவப்பட மூன்று மாதமாவது ஆகும். அதற்கு முன்பே அகத்திக்கீரைக் கட்டைப் போட்டு என்ன பயன்?

பால் கிடைக்காத கன்று பக்கத்துக் கன்றின் காதைச் சப்பும். கட்டியிருக்கும் கயிற்றைச் சப்பும். விழுங்கிய முடி வயிற்றில் உருண்டையாகத் திரளும். அடுத்து வெள்ளைக் கழிச்சல்; வாலெல்லாம் அப்பிக் காய்ந்திருக்கும், கண் குழிவிழும், காது தொங்கும். அங்கே வேலை செய்கிற அம்மா ஒருவர் புட்டியில் பால் புகட்டிப் பார்க்கிறார். அத்தனை கன்றுக்கும் ஒருவரால் எப்படி முடியும்?

அறநிலையத் துறைக்கு என் கோரிக்கை இதுதான்: கன்றைத் தாயோடு வாங்குங்கள், இல்லையென்றால் மூன்று மாதம் கழித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். கோதானம் செய்ய வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி பலகையும் வையுங்கள். அமாவாசைக்குக் கீரை வாங்கும் பக்தர்கள், ஒரு கன்றின் ஒரு மாதப் பால் செலவை ஏற்கவும் வழி செய்யலாம். மாடு வளர்ப்பவர்கள், பெரும்பாலும் கிடேரியே பிறக்கும் பாலினம் பிரித்த விந்துக்குச்சி (சினை ஊசிக்கான விந்து) பற்றிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கழிச்சல் கண்ட கன்று மறுநாள் வரை தாங்காமலும் போகலாம். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அந்த எண்ணைக் கோசாலைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.